ஏரி ஜில்லா

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஸ்டேஷன் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். பொத்தேரி வரும், அடுத்தது காட்டாங்குளத்தூர். ஒன்றில் ஏரி, மற்றொன்றில் குளம்! செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கும். செங்கழுநீர்ப் பூ மலிந்த ஊராதலால் செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு ஆயிற்று என்பார்கள். 2019 நவம்பர் 29-ஆம் தேதி காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தப் பகுதிக்கு ‘ஏரி ஜில்லா’ என்ற பெயர் வெகு காலமாக உண்டு.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கம்ப்ரியாவும் ஏரிகளுக்குப் பேர் போனது. கவி வோர்ட்ஸ்வொர்த் பிறந்து வாழ்ந்த சீமை அது. ஆனால் அங்கே பள்ளம் பறித்தவை பனிக்காலத்துப் பனியாறுகள். நம் ஏரிகளோ மனிதர் கைவேலை! ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே வருஷத்துக்கு முதலீடு. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஆகவே சரிவான நிலம் பார்த்துக் குறுக்கே கரை போட்டார்கள். மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தது போக, மிஞ்சிய நீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போகும். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊருக்குச் சோறு.

காத்துப் பிழைப்பதே இந்த ஜில்லாவின் குணம். மதுராந்தகத்தில் ராமருக்கே ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர். கும்பினி காலத்துக் கலெக்டர் லயனல் பிளேஸ் நாளில், உடையவிருந்த கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காத்தார்களாம். வேடந்தாங்கல் மக்கள் காத்தது பறவைகளை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமல்லவா? பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கும்பினியாரிடம் எழுத்து மூலம் உத்தரவு வாங்கிவிட்டார்கள்!

இன்று பொத்தேரியில் கல்லூரிக் கட்டடங்களும் அடுக்கு மாடி வீடுகளும் ஓங்கி நிற்கின்றன. குடித்தனம் பெருகுவது சந்தோஷந்தான். ஆனால் 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, அடுப்படிச் சாமான்கள் மிதந்ததை யார் மறப்பார்கள்? கலங்கல் நீர் போகும் வழியில் சுவர் எழுப்பினால், அது வேறெங்கே போகும்?

இந்தப் பக்கம் மனை பார்க்கும் சகோதரிகள், பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், “மேல் ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம்?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.