மீன்தொட்டிக்கு எந்தப் பசை, எந்தக் குழாய்?

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, ஒரு லிட்டர் நீரில் 0.05 மில்லிகிராம் செம்பு இருக்கலாம் என்கிறது. வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்று சலுகையும் தருகிறது. அந்தச் சலுகைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாம் வேலைக்குப் போய்விடலாம். அதில் ஒரு வளர்ப்பு இறாலை விட்டால் அது பிழைப்பது அரிது. மீனுக்கு உயிர் உணவாகப் போடுகிறோமே டாஃப்னியா, அது கடினத்தன்மை குறைந்த நீரில் 0.05 மில்லிகிராமுக்கும் குறைவான செம்பிலேயே செத்துப்போகும். “மனுஷனே குடிக்கிற தண்ணிங்க, மீனுக்கு என்ன ஆகப்போகுது?” என்று பிளம்பர் கேட்டால், ஆகும் என்பதுதான் பதில்.

காரணம் செவுளில் இருக்கிறது. நன்னீர் மீனின் உடலிலிருந்து உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இழந்த சோடியத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்து செவுள் செல்கள் திரும்ப இழுத்துக்கொள்வதால்தான் மீன் உயிரோடு இருக்கிறது. செம்பு அந்த இழுவையை முடக்கிவிடும். நமக்கு வயிறும் கல்லீரலும் நடுவில் நின்று காக்கின்றன. மீனின் ரத்தத்துக்கும் வெளித் தண்ணீருக்கும் இடையே இருப்பதோ மெல்லிய செவுள் தோல் மட்டுமே. இன்னொன்றும் உண்டு. சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடுகிறது. மீன்தொட்டியில் அதே தண்ணீரை மோட்டார் இரவு பகலாக அதே குழாய் வழியே சுற்றவிடுகிறது. ஒரு பித்தளை இணைப்பிலிருந்து கரைகிற துளித்துளிச் செம்பும் துத்தநாகமும் போக வழியில்லாமல் உள்ளேயே சேர்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-ல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு எல்லை, 1987-ல் 9 கிலோமீட்டரை எட்டியிருந்தது. போர் தண்ணீர் உவர்க்கிறது என்பதால் ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பு போனது நல்லதுதான், ஆனால் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போய்விடுகிறது. கடின நீரில் இருக்கும் கால்சியம், செவுளில் செம்பு ஒட்ட வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொண்டு மீனை ஓரளவு காப்பாற்றும். ஆர்.ஓ. நீரில் அந்தக் காவல் இல்லை. சற்றே அமிலத்தன்மையும் கொண்ட அந்த நீர் உலோகத்தை அதிகமாகக் கரைக்கவும் செய்யும். போர் தண்ணீரில் வருடக்கணக்கில் தொல்லை தராத ஒரு பித்தளை வால்வு, ஆர்.ஓ. நீருக்கு மாறிய பிறகு தொட்டியைக் காலி செய்துவிடலாம்.

ஆகவே முதல் விதி: தண்ணீர் தொடும் இடத்தில் செம்பு, பித்தளை, ஜி.ஐ. எதுவும் வேண்டாம். பிளம்பர்கள் பழக்கத்தில் மாட்டிவிடும் பிராஸ் எஃப்.டி.ஏ.வைக் கவனியுங்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே மறை மட்டும் பித்தளை. மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. முழுக்கப் பிளாஸ்டிக்காலான டேங்க் நிப்பிளும் பால் வால்வும் போதும். மறையில் டெஃப்லான் டேப் சுற்றலாம், அதனால் தீங்கில்லை. ஜி.ஐ. காலத்துப் பழக்கமான சணலும் வெள்ளை ஈயப் பசையும் மட்டும் மீன்தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

பி.வி.சி. குழாயிலும் எல்லாம் ஒன்றல்ல. குழாயின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ். 4985 என்றால் குடிநீருக்கானது. ஐ.எஸ். 15778 என்றால் சி.பி.வி.சி. ஐ.எஸ். 13592 கழிவுநீருக்கும் மழைநீருக்குமான குழாய், ஐ.எஸ். 9537 மின்கம்பி இழுக்கும் குழாய். பின்னவை இரண்டும் விலை குறைவு என்பதற்காக மீன்தொட்டியின் வடிகட்டிக்குள் போய்ச் சேர்வதுண்டு. அவற்றில் எது கரையும், எது கரையாது என்று குடிக்கும் நோக்கில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

பி.வி.சி. சூடானால் சிதையும் பொருள். குழாயாக வார்க்கும்போது அது சிதையாமலிருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்ப்பார்கள். இந்தியாவில் நெடுங்காலம் மலிவான ஈயச் சேர்மங்களே அந்த வேலையைச் செய்தன. 2021-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பி.வி.சி. குழாய்களில் ஈய நிலைப்படுத்திக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது என்றால் சிக்கலின் அளவு புரியும். புதுக் குழாயின் மேற்பரப்பிலிருந்துதான் ஈயம் முதலில் அதிகமாகக் கரையும், பிறகு குறையும். ‘ஈயம் இல்லாதது’ என்று அச்சிட்ட குழாயை வாங்குங்கள். அப்போதும் சில நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். குழாயை ஒட்டும் சொல்யூஷனைப் பற்றிய பயம் தேவைக்கு அதிகம். அது கரைப்பான்தான், ஒட்டி ஒரு நாள் ஆறவிட்டு, நன்றாகக் கழுவினால் போய்விடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டை அருகே இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சபலம் உண்டு: காயலான் கடை. நீல டிரம், தடித்த ஹோஸ், துண்டு ரப்பர் ஷீட், ஸ்டீல் வால்வு எல்லாம் எடைக்குக் கிடைக்கும். நீல டிரம்மின் பிளாஸ்டிக் பெரும்பாலும் எச்.டி.பி.இ., முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். புதிதாக இருந்தால் மீனுக்கு அதைவிட நல்ல பொருள் குறைவு. ஆனால் அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. அதில் மீன் வளர்ப்பது சூதாட்டம் என்பது என் கருத்து.

ரப்பரும் அப்படித்தான். பழைய டியூபை வெட்டி வாஷராகப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ரப்பரைப் பதப்படுத்த துத்தநாக ஆக்ஸைடு சேர்க்கிறார்கள். அது நீரில் கசியும். அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் மழை பெய்யும்போதெல்லாம் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. டயரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பி.பி.டி. என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து கொடிய நஞ்சாகிறது என்று 2020 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆய்வு சொன்னது. சாலையில் தேய்ந்த டயர்த் துகளே ஓர் ஓடையை அழிக்குமென்றால், சின்னத் தொட்டியில் எந்த ரப்பர் என்று பார்க்காமல் போடலாமா? சிலிகான் வாஷரோ ஈ.பி.டி.எம். வாஷரோ கேட்டு வாங்குங்கள்.

இனி சிலிகான் பசை. 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள தொட்டியில் சுமார் 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது கண்ணாடிகளை வெளியே தள்ளும் விசையை மெல்லிய ரப்பர்க் கோடு ஒன்றுதான் பிடித்து நிறுத்துகிறது. 1909-ல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தபோது இப்படியொரு பசையே கிடையாது. அந்தக் காலத் தொட்டிகள் உலகெங்கும் இரும்புச் சட்டமும் மக்குமாக இருந்தன. ஈயச் செந்தூரம் கலந்த மக்குகூடப் புழங்கியது. 1960களில் சிலிகான் வந்த பிறகே சட்டமில்லாத கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்தது.

“காடி வாசனை அடித்தால் மீனுக்கு நல்ல சிலிகான்” என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. இது பாதி உண்மை. அசிட்டாக்ஸி வகை சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் அமிலத்தை வெளிவிடும். இறுகி முடிந்து வாசனை போனதும் மிஞ்சுவது நீரோடு வினைபுரியாத ரப்பர். நியூட்ரல் என்று விற்கும் வகைகளில் சில ஆக்ஸைம் என்ற வேறு பொருளை வெளிவிடுகின்றன. கட்டட முகப்பு வேலைக்கு அவை சிறந்தவை. தொட்டிக்கு என்று தயாரிப்பாளரே சொல்லாத நியூட்ரலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் காடி வாசனை அடிக்கிற பாத்ரூம் சிலிகானும் இருக்கிறது. ஆபத்து அங்கேதான். பாத்ரூம் மூலையில் கருப்புப் பூஞ்சை படியாமலிருக்க அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருப்பார்கள். அப்படிக் கலப்பவற்றில் ஒன்று கார்பென்டசிம், நம் விவசாயிகள் நெல் விதை நேர்த்திக்கு வாங்குகிற அதே மருந்து. ஆர்சனிக் சேர்ந்த ஓ.பி.பி.ஏ. என்ற பொருளும் இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. பூஞ்சையை வருடக்கணக்கில் தடுக்க வேண்டுமானால் மருந்து மெல்ல மெல்லக் கசிந்தே ஆக வேண்டும். அதற்காகவே செய்த பசை அது. ஆகவே டியூபில் ‘ஆன்டி-ஃபங்கல்’, ‘சானிட்டரி’, ‘கிச்சன் அண்ட் பாத்’ என்று எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பூசிய பிறகு அவசரம் கூடாது. சிலிகான் வெயிலில் உலர்வதால் இறுகுவதில்லை, காற்றின் ஈரப்பதத்தை எடுத்து இறுகுகிறது. பழவேற்காடு, மீஞ்சூர் பக்கத்துக் கடல்காற்று அதற்கு ஏற்றது. வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இறுகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் விடுங்கள். ஒழுகும் தொட்டியில் பழைய பசை மேலேயே புதிதைத் தடவுவது வீண்வேலை. இறுகிய சிலிகான் மேல் புதுச் சிலிகான் ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

பண்ணைக்காரர்களுக்குச் சிலிகான் கவலை குறைவு, சிமென்ட் கவலை அதிகம். புதுச் சிமென்ட் தொட்டி சுண்ணாம்பைக் கக்கி நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பழக்குவார்கள். இது நல்ல வழக்கம். பொன்னேரியில் 2012-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருப்பதால் இந்தப் பக்கத்தில் புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடம் உண்டு.

சிலிகான் விற்கும் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. பூஞ்சைக்கொல்லி கலந்த டியூபில் ‘மீன்தொட்டிக்கு உதவாது’ என்று தமிழில் ஒரு வரி பெரிதாக அச்சிடுங்கள். அது வரும்வரை வாசகர்கள் கடைக்காரரிடம் அந்தப் பசையின் தரவுத்தாளைக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், சென்னை கொளத்தூரில் தொட்டி செய்து விற்பவர்கள் தங்கள் தொட்டிக்கு எந்த டியூபைப் பூசுகிறார்கள் என்று பார்த்து அதையே வாங்குங்கள்.