ஒரே இரவில் காரின் பிரேக் தட்டு துருப்பிடிப்பது ஏன்?

ஊவா மலையிலுள்ள ஸ்பிரிங்வெளியில் மார்கழி மழைக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே பாருங்கள். நேற்று பளபளத்த பிரேக் தட்டில் இன்று செம்மஞ்சள் படலம்!

கழுவிய ரொட்டிக்கல்லை எண்ணெய் தடவாமல் வைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். பெரும்பாலான பிரேக் தட்டுகள் வார்ப்பிரும்பு. பிரேக் கட்டைகள் உரசும் பகுதியில் எண்ணெயோ வர்ணமோ பூச முடியாது. பூசினால் பிடி வழுக்கும். ஆக, அந்த இரும்பு வெறும் உடம்போடு நிற்கிறது.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஊவா மலைக் காற்று ஈரம் நிறைந்தது. இரவில் குளிர்ந்த கனமான தட்டு, விடிந்த பிறகும் சட்டென்று சூடாகாது. ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் பனித்துளியாகிறது. நீரும் ஒட்சிசனும் இரும்போடு சேர, துரு பிறக்கிறது.

பயப்பட வேண்டாம். மெதுவாக ஓட்டியபடி சில தடவை பிரேக் பிடித்தால் கட்டைகளே அந்தப் படலத்தைச் சுரண்டிவிடும். விலையுயர்ந்த சில கார்களின் கார்பன்-செராமிக் தட்டுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வாரக்கணக்கில் நிறுத்தும்போதுதான் ஆபத்து. துரு தடித்து, கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கழுவிய கையோடு காரை நிறுத்தாமல், சிறிது தூரம் ஓட்டிப் பிரேக்கின் சூட்டிலேயே ஈரத்தைக் காயவிட வேண்டும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துவது நல்லது. காரை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது.