தரவரிசைக்கு முன்னால் ஒரு கேள்வி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு உளவியல் படிக்கிறேன். பட்டம் பெற்றபின் கல்வித்துறையில் மேற்படிப்பு என்பது போன ஆண்டே முடிவாகிவிட்டது. எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். என் மடிக்கணினியில் ஓர் அட்டவணையே வைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர், கட்டணம், உலகத் தரவரிசை. முதல் வரிசையில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்விக் கழகம். கியூஎஸ் பட்டியலில் கல்வித்துறைக்குப் பல ஆண்டுகளாக முதலிடம் அதற்குத்தான். ஒரே ஆண்டில் முதுகலைப் பட்டம்.

கட்டணத்தையும் வாடகையையும் கூட்டிக் காட்டியபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மத்திய சேமநிதியை வெளிநாட்டுப் படிப்புக்குப் பயன்படுத்த முடியாது. “பரவாயில்லம்மா, சேமிப்பு இருக்கு. மீதிக்குக் கடன் வாங்கிக்கலாம்,” என்றார். கப்பல் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டு உழைத்த சேமிப்பு அது.

சனிக்கிழமைகளில் துணைப்பாட வகுப்பு ஒன்றில் தொண்டூழியம் செய்கிறேன். அங்கே தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையன். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். அதே கணக்கை நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். “அக்கா, லண்டன் போயிட்டு வந்தா எங்க ஸ்கூலுக்கு டீச்சரா வருவீங்களா?” என்று ஒருநாள் கேட்டான். வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தபோதுதான் விழித்துக்கொண்டேன். நான் தேர்ந்தெடுத்த முதுகலைப் படிப்பு கல்வியைப் பற்றிய படிப்பு. கொள்கை, ஆய்வுமுறை, ஒப்பீடு எல்லாம் உண்டு. ஆசிரியர் தகுதி இல்லை. பிரிட்டனில் அதற்குத் தனிச் சான்றிதழ்ப் படிப்பு. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்துக்கு இட்டுச்செல்லும் முதுநிலைப் படிப்புகளும் உண்டு, ஆய்வுக்கு மட்டுமானவையும் உண்டு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

சிங்கப்பூரிலும் இதே வேறுபாடுதான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் கல்வியியல் முதுநிலைப் பட்டம் ஒன்று, பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் இன்னொன்று. அரசாங்கப் பள்ளியில் கற்பிக்கப் பட்டயமே வழி. அதற்கும் நேரடியாக விண்ணப்பித்துச் சேர்ந்துவிட முடியாது; முதலில் கல்வி அமைச்சு நம்மை வேலைக்கு எடுக்க வேண்டும். பயிற்சிக் கட்டணத்தை அமைச்சு ஏற்கிறது, படிக்கும்போதே சம்பளமும் உண்டு. முடித்தபின் மூன்றாண்டுப் பணிப்பிணைப்பு.

ஆக, அப்பாவின் சேமிப்பைக் கரைத்து, கடனும் வாங்கி லண்டன் போய் வந்தாலும், அந்தப் பையனின் வகுப்பறைக்குள் நுழைய நான் மறுபடியும் முதல் படியில்தான் நிற்க வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எந்தத் தரவரிசையிலும் இடமில்லை.

முதுநிலைப் பட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. சிறப்புக் கல்வி எனக்குப் பிடித்த துறை. அந்தப் பையனுக்கு என்ன சிக்கல் என்று கண்டுபிடிக்க எனக்கு அந்த அறிவு வேண்டும். ஆனால் விசாரித்தவரை, இரண்டு மூன்று ஆண்டு கற்பித்துவிட்டுப் போனவர்கள்தாம் அந்தப் படிப்பால் அதிகம் பயனடைந்ததாகச் சொல்கிறார்கள். என் விரிவுரையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இப்போதே போனால் அங்கே எந்த மாணவனைப் பற்றிக் கட்டுரை எழுதுவாய்?” எனக்குத் தெரிந்தது ஒரே ஒருவன்.

(இன்னொன்று: ஆசிரியராகப் போகிறேன் என்றதும் “தமிழாசிரியரா?” என்றே எல்லாரும் கேட்கிறார்கள். கணிதம் கற்பிக்கும் தமிழ்ப் பெண்ணும் இருக்கலாம் அல்லவா!)

பணிப்பிணைப்பு எனக்கும் பயம்தான். பிடிக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று இரவில் யோசிக்கிறேன். அதனால், முடிந்தால் முதலில் ஒப்பந்த ஆசிரியராகச் சில மாதம் பள்ளியில் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வாடிவிட்டது. ஜோகூரில் இருக்கும் அத்தையிடம் ஏற்கெனவே லண்டன் என்று சொல்லிவிட்டாராம். “அப்புறமா போவியா?” என்றார். “போவேன்ப்பா, என் சம்பளத்துல,” என்றேன். அட்டவணையில் லண்டன் வரிசையை இன்னும் அழிக்கவில்லை. தரவரிசை இருந்த கட்டத்தில் இப்போது ‘முடித்தபின் கற்பிக்கலாமா?’ என்று எழுதியிருக்கிறேன்.