பொருந்தினா மட்டும் போதுமா? ரைஃபிள் பாகங்களை மாத்துறதுல ஒளிஞ்சிருக்கும் ஆபத்து!

பி.ஜி.எம்.ஐ விளையாடுறவங்களுக்கு இது பழகின காட்சி. லூட் பாக்ஸ்ல ஒரு எக்ஸ்டெண்டட் மேகஸின் கிடைக்குது. ஏ.கே.எம்-ல மாட்டுறீங்க. பிடிக்கலையா, அதையே கழற்றி எம்416-ல மாட்டிக்கலாம். ஒரே டச், வேலை முடிஞ்சது.

நிஜத்துல இது நடக்காது. ஏ.கே.எம்-ல போறது 7.62 மி.மீ தோட்டா, எம்416 ரகத்துல போறது 5.56 மி.மீ. ரெண்டோட மேகஸின் வடிவமும் வேற வேற. ஒருவகையில இது நல்லதுதான். மாட்டவே முடியாத பாகத்தால யாருக்கும் காயம் வராது. கச்சிதமா மாட்டிக்கிட்டு, ட்ரிகரை அழுத்தும்போது வெடிக்கிற பாகம்தான் ஆபத்து.

லெகோ மாதிரி ஒரு ரைஃபிள்

அமெரிக்காவுல ரொம்பப் பிரபலமான மாடுலர் ரைஃபிள், ஏ.ஆர்-15. 'ஏ.ஆர்'னா ஆர்மலைட் ரைஃபிள். 1950-களில் அந்த நிறுவனத்துல வேலை பார்த்த யூஜின் ஸ்டோனரின் டிசைன் இது. 1959-ல் கோல்ட் நிறுவனம் இதோட உரிமையை வாங்கியது. இன்னிக்கு ஏகப்பட்ட நிறுவனங்கள் இதே வடிவத்துல ரைஃபிளும் பாகங்களும் தயாரிக்குறாங்க.

மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டு பகுதி. ரெண்டே ரெண்டு பின்னைத் தள்ளினா தனித்தனியா வந்துடும். அமெரிக்க மத்திய சட்டப்படி, சீரியல் நம்பர் உள்ள கீழ் பாதிதான் 'துப்பாக்கி'. பேரல், போல்ட் எல்லாம் வெறும் உதிரி பாகங்கள். அதனால, அதையெல்லாம் வாங்கி மாத்திப் பார்ப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

இந்த ஐடியாவுக்கு வயசு 200-க்கும் மேல. 1785-ல் பாரிஸ்ல அமெரிக்கத் தூதரா இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே 50 துப்பாக்கிகளோட சுடும் விசைகளைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. கைக்குக் கிடைச்ச பாகங்களை எடுத்து அவரே கோத்துப் பார்த்தார். எல்லாமே பொருந்துச்சு! ஒவ்வொரு துப்பாக்கியையும் கொல்லர் தனித்தனியா ராவிச் செஞ்ச காலத்துல, இது பெரிய ஆச்சர்யம்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

கைப்பிடி, ஸ்டாக், சைட் மாதிரியான வெளிப் பாகங்களை மாத்துறதுல ரிஸ்க் கம்மி. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் போல்ட்டும் பேரலும் அப்படியில்ல. தோட்டா உட்காரும் இடம் சேம்பர். அதைப் பின்னாலிருந்து பூட்டுவது போல்ட். பூட்டின பிறகு தோட்டாவுக்குக் கிடைக்கும் இடத்தின் அளவுக்கு 'ஹெட்ஸ்பேஸ்'னு பேர்.

இந்த அளவு கூடிட்டா, சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிஞ்சு, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்துல பீறிட்டு வரலாம். குறைஞ்சா, போல்ட் சரியாப் பூட்டாது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணால பார்த்துச் சொல்லவே முடியாது. அதனாலதான் துப்பாக்கி மெக்கானிக்குகள் 'கோ', 'நோ-கோ'ன்னு ரெண்டு அளவுக் கட்டைகளை வெச்சிருக்காங்க. 'கோ' உள்ளே இருந்தா போல்ட் மூடணும். 'நோ-கோ' இருந்தா மூடக் கூடாது. ஒண்ணாவே தேய்ஞ்சு பழகின போல்ட்டையும் பேரலையும் பிரிக்காம, ஜோடியாவே வெச்சுக்கிறதும் இதனாலதான்.

ஒரே மேகஸின், ரெண்டு தோட்டா

இதைவிட மோசமான குழப்பம் ஒண்ணு இருக்கு. .300 பிளாக்அவுட் தோட்டாவுக்கு மாற, ஏ.ஆர்-15-ல பேரலை மட்டும் மாத்தினா போதும். போல்ட், மேகஸின் ரெண்டும் 5.56-க்கு உள்ளதேதான். வசதிதான். ஆனா, அந்த வசதியே வில்லனா மாறும்.

.300 தோட்டாவோட குண்டு சுமார் 7.8 மி.மீ. 5.56 பேரலின் துளை சுமார் 5.7 மி.மீ. சில வகை .300 தோட்டாக்கள், தப்பான சேம்பர்லயும் உள்ளே போய் உட்கார்ந்துடும். அப்போ சுட்டா குண்டு வெளியே போக வழியில்லாம, அழுத்தம் மொத்தமும் பின்னால திரும்பி ரைஃபிளே வெடிச்சுச் சிதறும். கை, கண் போகலாம்.

அதனால அனுபவசாலிகள் ரெண்டு ரக தோட்டாவையும் ஒரே மேசையில வைக்க மாட்டாங்க. மேகஸினுக்கு வேற வேற கலர் பட்டை போடுவாங்க. சுடுறதுக்கு முன்னாடி, பேரல்ல பொறிச்சிருக்கும் அளவையும் தோட்டாவின் அடியில இருக்கும் எழுத்தையும் ஒப்பிட்டுப் படிப்பாங்க. சந்தேகம் வந்தா, சுட மாட்டாங்க.

நம்ம ஊர்ல?

இந்தியாவுல 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியின் பாகங்களும் 'ஆயுதம்'தான். அதனால, 'சும்மா ஒரு பேரல்தானே'ன்னு யாரும் ஆன்லைன்ல ஆர்டர் போட நினைக்க வேண்டாம். என்.சி.சி-லயோ ரைஃபிள் கிளப்லயோ சுடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை: ரைஃபிள்ல ஏதாவது இறுக்கமாவோ லூஸாவோ தெரிஞ்சா, நீங்களே கழற்றிப் பார்க்காதீங்க. குழாயை டார்கெட் பக்கமே வெச்சுக்கிட்டு, விரலை ட்ரிகர்ல இருந்து எடுத்துட்டு, பயிற்சியாளரைக் கூப்பிடுங்க.