மலைக்கு யார் காப்பாளர்?

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் மழை பெய்தால், வெறும் பாறையில் விழுந்த தண்ணீர் வழிந்தோடி அடிவாரத்துக் கண்மாயில் சேரும். அது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழே இருக்கும் கண்மாய்க்குத் தண்ணீர். மடை திறந்தால் வயலில் நெல். கரையில் ஆடு மாடுகளுக்குப் புல். வயலுக்குப் பட்டா உண்டு. அந்தப் புல்லை நம்பி ஆடு மேய்ப்பவரிடம் என்ன பத்திரம் இருக்கிறது?

இந்தக் கேள்வியோடுதான் மதுரையின் ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. மேகமலை வன நிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா போட்டது தொடர்பான வழக்கில், 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி எஸ்.ஸ்ரீமதி, இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிருள்ள ஆளாக அறிவித்தார். மதுரைக்கு இது விளங்காத விஷயம் அல்ல. கோயில் தெய்வத்தின் பெயரில் நிலம் இருக்கும், வழக்கும் நடக்கும். ஆனால் தெய்வம் சட்டத்தில் மைனர் மாதிரி. அதன் சார்பில் பேச ஒருவர் வேண்டும். இயற்கைக்கு அந்த இடத்தில் நீதிமன்றம் அரசை வைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. வல்லூறுகள் வாழும் குன்றுகள், சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் உள்ள இடம். ஆனால் 2024 நவம்பரில், இந்தத் தலமும் அடங்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக மத்திய அரசு ஏலத்தில் கொடுத்தது. காப்பாளரே மலையை ஏலத்தில் விட்டால், மலைக்காகப் பேச யார் மிச்சம்?

ஊர் பேசியது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளத்துக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

சூழல் நீதியும் சமூக நீதியும் ஒட்டிப் பிறந்தவை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மலை போனால் முதலில் போவது, பத்திரமில்லாதவரின் பிழைப்பு. அதனால் மலைக்காக முதலில் பேச வேண்டியவரும் அவரே. நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி நதியைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றபோது, அதன் சார்பில் பேச இரண்டு பேர் என்றது: ஒருவரை அரசும், மற்றவரை நதிக்கரை மாவோரி மக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சட்டத்திலும் அந்த இரண்டாவது நாற்காலி வேண்டும். சுரங்க ஏலத்துக்கு முன்பே கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் என்று எழுதுங்கள். கண்மாய் எத்தனை நாளில் நிறையும், எந்த மடை எந்த வயலுக்கு என்று அறிந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.