பரணில் தூங்கும் பழைய டெக்... கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்க்கப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க!

கார்த்திகை தீபம் நெருங்கினாலே திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க வந்து இறங்குவாங்க. வீட்டைச் சுத்தம் செய்ய பரணில் ஏறினால், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் அந்தக் கால வி.சி.ஆர்... நம்ம ஊர் பேச்சில் 'டெக்'. பக்கத்திலேயே 'கல்யாணம் - பாகம் 1' என்று எழுதிய கேசட். "போடுங்க, எல்லாரும் பார்க்கலாம்" என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் பிளக்கை மாட்டிவிடுவார்.

அந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கணும். வி.சி.ஆர் கெட்டுப்போனால் வேறொன்று தேடி வாங்கலாம். ஆனா, தாத்தா கிரிவலம் போன காட்சியும் பாட்டியின் குரலும் இருக்கும் அந்த ஒரே கேசட் சிக்கி நசுங்கினால் திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் கேசட், அப்புறம் மெஷின். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீங்க.

ஏன் இப்போதே செய்யணும்?

வி.எச்.எஸ் முறையை ஜப்பானின் ஜே.வி.சி நிறுவனம் 1976-ல் அறிமுகம் செய்தது. இந்தியாவில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டி.வி வந்தது. அதைத் தொடர்ந்து டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்க்கும் பழக்கமும், கல்யாண வீடியோவும் ஊர் ஊராகப் பரவின.

இன்றைக்கு நிலைமை வேறு. கடைசி வரை வி.சி.ஆர் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. புது உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். காந்த நாடாக்களில் உள்ள பதிவுகளை 2025-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு ஓட்டிப் பார்ப்பதே கடினமாகிவிடலாம் என்று யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்தது.

முதல் வேலை: கேசட்டைப் பாருங்க

வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரமும், கோடையில் பரணில் ஏறும் சூடும் நாடாவுக்கு எதிரிகள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளை டார்ச் அடித்துப் பாருங்க.

* வெள்ளை, சாம்பல் நிறத்தில் பொடியோ நூல் மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த கேசட்டை வி.சி.ஆரில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். தனிக் கவரில் எடுத்து வைத்து, டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் விஷயத்தைச் சொல்லியே கொடுங்க.
* சுத்தமாக இருந்தால், கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்க. தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.
* நாடாவை விரலால் தொடாதீங்க. அறுந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீங்க. அந்தப் பசை ஹெட்டைக் கெடுத்துவிடும்.

அடுத்தது மெஷின்

பரணில் இருந்து இறக்கியதும் பிளக்கை மாட்டாதீங்க. காய்ந்த அறையில் குறைந்தது ஒரு நாள் வையுங்க. எலி கடித்த ஒயர், பல்லி முட்டை, கரப்பான் கூடு இருக்கிறதா என்று பாருங்க.

பின்பக்க லேபிளில் வோல்டேஜ் என்ன என்று கட்டாயம் படிங்க. வெளிநாட்டில் இருந்து வந்த சில மெஷின்கள் 100 அல்லது 110 வோல்ட்டில் மட்டும் ஓடுபவை. நம்ம வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் புகைதான் வரும்.

பவர் வந்த பிறகு திரையில் 'டியூ' என்று காட்டினால், உள்ளே ஈரம் இருப்பதை சென்சார் சொல்கிறது. ஈரமான டிரம்மில் நாடா அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்த எழுத்து மறையும் வரை கேசட் போடாமல் காத்திருங்க.

முதல் சோதனைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய சினிமா கேசட் ஒன்றைப் போடுங்க. கல்யாண கேசட்டைத் தொடவே வேண்டாம்.

படம் எப்படி வருகிறது?

பழுதைக் கண்டுபிடிக்க இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாடாவின் அகலம் 12.7 மி.மீ. அதில் படம் சாய்ந்த கோடுகளாகப் பதிவாகிறது. ஒரு கோட்டின் அகலம் சுமார் 0.049 மி.மீ, தலைமுடியை விட மெல்லியது. 62 மி.மீ விட்டமுள்ள ஒரு டிரம், நம்ம நாட்டு 'பால்' முறையில் நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றி அந்தக் கோடுகளைப் படிக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு முழுப் படம், விநாடிக்கு 25 படம். சாதாரண மாடல்களில் சத்தத்தை மட்டும் சுற்றாமல் நிற்கும் வேறொரு ஹெட் படிக்கிறது.

அறிகுறி என்ன? கோளாறு எங்கே?

1. படம் முழுக்க புள்ளி, ஆனா சத்தம் தெளிவு: டிரம்மில் உள்ள வீடியோ ஹெட்டில் அழுக்கு. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகும்.

2. படம் நன்றாக இருக்கு, சத்தம் மட்டும் அமுங்கிக் கேட்கிறது: சத்தம் படிக்கும் ஹெட்டில் அழுக்கு, அல்லது அதன் நிலை விலகியிருக்கு.

3. படத்தின் மேலேயோ கீழேயோ கோடுகள்: முதலில் 'டிராக்கிங்' குமிழைத் திருகிப் பாருங்க. அப்படியும் போகலைன்னா நாடாவை வழிநடத்தும் உருளைகள் இடம் மாறியிருக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்க்ரூவை நீங்க திருகாதீங்க, அது மெக்கானிக் வேலை.

4. பிளே அழுத்தியதும் சில விநாடியில் நின்றுவிடுகிறது, அல்லது நாடாவைக் கடிக்கிறது: பழைய டெக்கில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். பெல்ட்டும் ரப்பர் சக்கரமும் இளகியோ காய்ந்தோ போயிருக்கும். நாடா வெளியே வரும், சுருட்டிக்கொள்ள வேண்டிய சக்கரம் சுற்றாது. ரீல் சுற்றவில்லை என்று தெரிந்ததும் மெஷின் தானாகவே நிற்கிறது. தீர்வு, சரியான அளவு பெல்ட் மாற்றுவது. கடையில் விற்கும் சாதாரண ரப்பர் பேண்டு மாட்டினால் தாங்காது.

5. படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது: அமெரிக்காவில் பதிவான 'என்.டி.எஸ்.சி' கேசட்டாக இருக்கலாம். இதற்கு இரண்டு முறையிலும் ஓடும் மெஷின் வேணும்.

6. மேல் மூடியைக் கழற்றினால் ஓட மாட்டேங்குது: இது கோளாறே இல்லை! நாடா முடிந்துவிட்டதா என்பதை மெஷின் அகச்சிவப்பு ஒளி மூலம் கண்டுபிடிக்கிறது. வெயிலோ பிரகாசமான பல்பு வெளிச்சமோ உள்ளே விழுந்தால் சென்சார் ஏமாந்துபோகும். ஒரு அட்டையால் மறைத்துப் பாருங்க.

7. பவரே வரவில்லை: ஃபியூஸ் போயிருக்கலாம், பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். இதில் கை வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், உயிருக்கே ஆபத்து.

ஹெட்டை சுத்தம் செய்வது எப்படி?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்க. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தேவை. கை கழுவும் சானிட்டைசர், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

நூல் பிரியாத மெல்லிய தோல் துணி அல்லது வழவழப்பான வெள்ளைத் தாளை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடிங்க. இன்னொரு கையால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்றுங்க. துணி நிற்கணும், டிரம்தான் சுற்றணும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சு வைத்த குச்சியை ஹெட்டில் பயன்படுத்தவே கூடாது, அதன் நூல் மாட்டி ஹெட்டைப் பெயர்த்துவிடும். சில நிமிடம் காயவிட்டு, மறுபடியும் சினிமா கேசட்டையே போட்டுப் பாருங்க.

கேசட் உள்ளே சிக்கிக்கிட்டா?

இழுக்காதீங்க. பவரை நிறுத்தி, சிறிது நேரம் கழித்து போட்டு, எஜெக்ட் அழுத்துங்க. வரவில்லை என்றால் மெஷினோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்க. அவர் லோடிங் மோட்டாரைக் கையால் சுற்றி நாடாவை விடுவிப்பார். அவசரத்தில் நாடாவை வெட்ட விடாதீங்க.

முதல் ஓட்டத்திலேயே காப்பி எடுங்க

சினிமா கேசட் முழுசாக ஓடி, கசங்காமல் வெளியே வந்த பிறகுதான் கல்யாண கேசட்டின் முறை. அதையும் சும்மா ஓட்டிப் பார்க்காதீங்க. வி.சி.ஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை யு.எஸ்.பி வீடியோ கேப்சர் கருவியில் மாட்டி, லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டே பாருங்க. பழைய ரப்பர், பழைய நாடா... இரண்டாவது தடவையும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதில் குறுக்கு வழி கிடையாது. 3 மணி நேர கேசட்டைப் பதிவு செய்ய 3 மணி நேரம் ஆகும். கடையில் கொடுத்தாலும் அதே கணக்குதான். பதிவான ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்க. கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க, முழுசாகச் சுற்றி, காய்ந்த இடத்தில் புத்தகம் மாதிரி நிற்க வையுங்க.

மழை ஈரம் நிறைந்த கார்த்திகையில் அவசரப்பட வேண்டாம். தீபத்துக்கு வந்த சொந்தங்களிடம் யார் வீட்டில் எந்த கேசட் இருக்கு என்று மட்டும் கேட்டு ஒரு பட்டியல் எடுத்துக்கோங்க. தை பிறந்து வெயில் வந்ததும் மெஷினை இறக்கலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று அடையாளம் சொல்லக்கூடிய பெரியவங்களையும் அப்போது பக்கத்தில் உட்கார வையுங்க.