மென்பொருள் வினியோகத் தொடரில் புதியதொரு சூழல்

நோட்டன் பிரிட்ஜில் அமைந்த சிறிய நீர்த்தேக்கத்தைக் கண்டோர் பலர். அது ஒரு தொடரின் இடைக்கண்ணி என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. கெஹெல்கமு ஓயாவை மறித்து நோட்டனில் தேக்கிய நீரைக் கொண்டு லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1965இல், அதற்கு மேற்புறத்தே விமலசுரேந்திர மின்நிலையம் சேர்க்கப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கவழி வரும் நீர் அங்குச் சுழலிகளை இயக்கி நோட்டன் தேக்கத்தை அடைந்து, பின்னர் லக்சபானவுக்குச் செல்கின்றது. நிலையங்கள் வேறு, பொறிகள் வேறு, நீர் ஒன்றே. இயங்கிக்கொண்டிருந்த தொடரில் ஒரு படியைப் புதிதாய்ச் சேர்த்த இச்செய்தி, இன்றைய கணினித் துறையின் வேலையொன்றை விளக்க நமக்கு உதவும்.

மென்பொருள் வல்லோர் தாம் எழுதிய நிரலை நேரே மக்கள் கையில் கொடுப்பதில்லை. எழுதும் சூழல், சோதிக்கும் சூழல், மக்கள் பயன்படுத்தும் சூழல் எனப் படிகள் உள. ஈண்டுச் சூழல் என்றது கணினிகளும் தரவுத்தளமும் அவற்றின் அமைப்புகளும் சேர்ந்த தொகுதியை. நிரலைப் படிப்படியாகத் தானியங்கு முறையிற் கொண்டு செல்லும் ஒழுங்கையே 'பைப்லைன்' என்பர். 2010இல் 'கன்டினியுவஸ் டெலிவரி' எனும் நூலை எழுதிய ஜெஸ் ஹம்பிள், டேவிட் ஃபார்லி என்போர் வற்புறுத்தும் விதியொன்று உண்டு: நிரலை ஒருமுறையே தொகுத்தல் வேண்டும், அப்பொதியே எல்லாப் படிகளையும் கடத்தல் வேண்டும். படிதோறும் புதிதாய்த் தொகுப்பின், சோதித்தது ஒன்றாகவும் மக்கள் பெறுவது வேறொன்றாகவும் முடியலாம்.

சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் இடையே ஒத்திகைச் சூழலொன்றைச் சேர்ப்பதாகக் கொள்வோம். தரவுத்தள முகவரி, கடவுச்சொல் முதலாகச் சூழலுக்குச் சூழல் மாறுபடுவன அனைத்தையும் நிரலினின்றும் பிரித்து வெளியே வைத்தல் முதல் வேலை. அதன்பின் புதிய சூழலுக்கு ஒரு பெயரும் தனியான அமைப்புக் கோப்பும் கொடுத்தல் எளிது. எளிதாதலின் இடரும் இங்கேயே உளது. பழைய கோப்பைப் படியெடுத்துப் பெயரை மாற்றியவர் முகவரியை மாற்ற மறப்பின், ஒத்திகையென எண்ணி அழிப்பன மக்களின் மெய்யான பதிவுகளாகிவிடும். புள்ளிப் பதிவேட்டின் பிரதியிற் பழகுவதாக எண்ணி மூலத்திலேயே அடித்தெழுதும் ஆசிரியரின் நிலையே அவர் நிலையும். ஆதலின் ஒத்திகைச் சூழலின் கடவுச்சொல் மெய்த்தரவுத்தளத்தைத் திறக்கவே இயலாதவாறு அமைத்தல் வேண்டும். கவனமாயிரு என்று சொல்லி வைத்தல் போதாது.

மனிதக் கவனம் தவறியதன் விலையை 2012 ஆகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் எனும் பங்கு வணிக நிறுவனம் கண்டது. எட்டுக் கணினிகளில் கையால் நிறுவப்பட்ட புதிய நிரல் ஒன்றில் மாத்திரம் விடுபட்டது. அதிற் கிடந்த பழைய நிரல் விழித்தெழுந்து, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டொலர் வரை இழப்பை விளைத்தது. தானியங்கு தொடர் எட்டையும் ஒன்றுபோல நடத்தும். எட்டும் ஒத்துளவா எனச் சரிபார்க்கவும் அதனைப் பணிக்கலாம்.

பலர் மறப்பது பிறிதொன்று. ஒத்திகைப் படியைச் சேர்த்தபின், சோதனையிலிருந்து நேரே பயன்பாட்டுக்குச் சென்ற பழைய வழியை அடைத்துவிடல் வேண்டும். திறந்து கிடப்பின், அவசரமுடையோர் அவ்வழியே செல்வர். புதிய சூழல் வெறும் காட்சிப் பொருளாகும். அடைத்தபின் தீங்கற்ற சிறு திருத்தமொன்றை முழுத் தொடரிலும் அனுப்பிப் பார்த்து, உடனே முந்திய பதிப்புக்கு மீளவும் செய்து பார்த்தல் வழக்கம். மீளும் வழி இயங்கிய பின்னரே பெருந்திருத்தங்களை அதில் விடுவர்.